உள்வளர் கால்நகம்

உள்வளர் கால்நகம் என்பது கால்விரல் நகத்தின் ஓரம் பக்கத்திலுள்ள சதைக்குள் அழுந்தி வளர்வதால் வலியும் வீக்கமும் உண்டாகும் நிலை ஆகும். இது பெரும்பாலும் கால் பெருவிரலில் தோன்றுகிறது. பேச்சு வழக்கில் இதனையும் நகச்சுற்று என்பதுண்டு. ஆனால் நகச்சுற்று என்பது நகத்தைச் சூழ்ந்த தோலில் ஏற்படும் கிருமித்தொற்று ஆகும். உள்வளர் நகத்தில் புண்ணுக்கு மூலகாரணம் நகத்தின் ஓரமே.

காரணங்கள்

நகத்தின் மூலைகளை வளைத்து ஆழமாக வெட்டுவது முதன்மையான காரணம் ஆகும். அவ்வாறு வெட்டும்போது மூலையில் எஞ்சும் கூரிய துணுக்கு, நகம் வளர வளரச் சதையைக் குத்துகிறது. முன்பகுதி குறுகிய காலணிகள், விரலில் விழும் அடி, மிகுந்த வியர்வை, பிறவியிலேயே வளைந்த நகம் ஆகியன பிற காரணங்கள். மறைமலை நகர்த் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் பாதுகாப்புக் காலணி அணிவோருக்கும், மாமல்லபுரக் கரையோரத்தில் ஈரத்திலேயே நின்று தொழில் செய்யும் மீனவர்களுக்கும் இக்காரணங்கள் பொருந்தும். நெடுநேரம் ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் கிழிபடும்.

நிலைகள்

முதல் நிலையில் நக ஓரம் சிவந்து, தொட்டால் வலிக்கும். இரண்டாம் நிலையில் சீழ் கசியும். மூன்றாம் நிலையில் நகத்தின் மேல் சதை வளர்ந்து மூடும்.

தடுப்பு

* குளித்தபின் நகம் மென்மையாக இருக்கும்போது நேர்கோட்டில் வெட்ட வேண்டும்.
* நகம் விரல் நுனிக்கு இணையாக இருக்கட்டும், அதனினும் குறைக்கலாகாது.
* மூலைகளைத் தோண்டக்கூடாது.
* விரல்களை அசைக்க இடமுள்ள காலணியை அணிய வேண்டும்.
* கால் நனைந்தால் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

சிகிச்சை

முதல் நிலையில் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 20 நிமிடம் வரை, நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை பாதத்தை ஊறவைத்து உலர்த்தலாம். பின்னர் நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியை வைத்து நாள்தோறும் மாற்றினால், ஓரம் சதையிலிருந்து விலகி வளரும். எலுமிச்சம்பழத்தை விரலில் செருகும் வழக்கம் நக ஓரத்தை விலக்குவதில்லை.

சீழும் சதை வளர்ச்சியும் இருந்தால், மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து புதைந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் நீக்குவார். அந்த ஓரம் மீண்டும் வளராதிருக்க, அதன் வேர்ப்பகுதியில் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் தடவப்படுகிறது. நகம் முழுவதையும் பிடுங்குவது மட்டும் தீர்வாகாது. வேர் அப்படியே இருப்பதால் சிக்கல் திரும்ப வரக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் குத்தும் நகத்தை அகற்றா. தொற்று பரவும்போதே அவை தேவைப்படுகின்றன.

உணர்விழந்த பாதங்கள்

வலி தெரியாத பாதத்தில் இச்சிறு புண் பேராபத்தாகலாம். இதனை விளங்கிக்கொள்ளச் செங்கல்பட்டின் மருத்துவ வரலாறு உதவுகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. 1955இல் நடுவண் அரசு ஏற்ற பின்னர் இது மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. 1947இல் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் சிதைந்த கைகளைக் கண்டு அவற்றின் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு உணர்விழந்ததால் கவனிக்கப்படாத காயங்களும் தொற்றுமே பெரும்பாலான சிதைவுக்குக் காரணம் என்பதை வேலூரில் அவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் காட்டின.

நீரிழிவினாலும் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. ஆகவே நீரிழிவு, தொழுநோய் அல்லது காலில் இரத்தவோட்டக் குறைவு உடையோர் உள்வளர் நகத்தைத் தாமே வெட்டலாகாது. வெந்நீரின் சூடு அவர்களுக்குத் தெரியாது என்பதால் அதில் ஊறவைப்பதும் தீங்கானது. அவர்கள் நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதித்து, சிவப்போ கசிவோ தென்பட்டால், வலியில்லாவிடினும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். சிவப்பு பாதத்தில் பரவினாலோ காய்ச்சல் கண்டாலோ ஏனையோரும் தாமதிக்கக்கூடாது.