நீலநாக்கு நோயும் நம் கடமையும்

வடகிழக்குப் பருவமழை பெய்து, பட்டியின் ஓரங்களில் சாணமும் சேறும் கலந்து ஊறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், தமிழ்நாட்டில் செம்மறி வளர்ப்போர் பெரிதும் அஞ்ச வேண்டியது நீலநாக்கு நோய்க்கே. கடும் ஜுரம் கண்டு, உதடும் முகமும் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, வாய் புண்ணாகி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து ஆடு நொண்டத் தொடங்கினால் உடனே சந்தேகிக்க வேண்டும். நாக்கு நீலம் பாரிப்பது சில ஆடுகளில் மாத்திரமே ஆதலால், அதற்காகக் காத்திருப்பது தகாது.

கோமாரியைப் போல் இது ஆட்டுக்கு ஆடு ஒட்டுவதன்று. இதன் வைரஸைச் சுமப்பது கொசுவினும் சிறிய கியூலிகாய்டிஸ் என்னும் கடிபூச்சி. தென்னாப்பிரிக்காவில் டு டாய்ட் என்பவர் 1944இல் இதனை நிரூபித்தார். மாடும் வெள்ளாடும் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் காட்டாமலே வைரஸை வாரக்கணக்கில் இரத்தத்தில் தாங்கி நிற்குமாதலால், நலிந்த ஆட்டைப் பிரித்துக் கட்டுவது அவசியமேயாயினும், அதனோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பொழுது சாயுமுன் ஆடுகளைக் கொட்டகைக்குள் அடைத்து, புகைமூட்டம் போட்டு, சாணக் குவியலையும் தேங்கிய நீரையும் அகற்ற வேண்டும். நோயுற்றதை நிழலில் வைத்துக் கஞ்சி புகட்ட வேண்டும்.

இவை யாவினும் முக்கியமானது தகவல் தெரிவிப்பது. இந்நோயின் சந்தேகம் எழுந்தாலே, கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ அறிவிப்பது உடைமையாளரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. இதனை வெறும் சர்க்கார் சடங்காக நினைப்பது பெருந்தவறு என்பதே என் உறுதியான அபிப்பிராயம். இவ்வைரஸில் 24க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உண்டாகும் சக்தி மற்றொன்றைப் பொதுவாகத் தடுப்பதில்லை. நம் நாட்டுத் தடுப்பூசி 1, 2, 10, 16, 23 என்ற ஐந்து வகைகளுக்கே ஏற்பட்டது. ஆகையால் இவ்வாண்டு எந்த வகை வந்திருக்கிறது என்பதை, நோய் கண்ட ஆட்டின் இரத்தத்தைப் பரிசோதித்தே அறிய முடியும். மறைக்கப்பட்ட ஆட்டின் இரத்தம் பரிசோதனைக்கு வருவதெப்படி?

சொன்னால் விற்க முடியாதே என்று அஞ்சி, நலிந்த ஆட்டை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டுவோர் உளர். அவர்களுடைய வறுமையை நான் அறியேனல்லேன். ஆனால் அந்த ஆட்டின் இரத்தத்தை உண்ட பூச்சி, அவர்களைப் போன்ற மற்றொரு ஏழையின் பட்டியில் அல்லவா இறங்கும்? கிடையோடு ஊர் ஊராகப் பெயரும் கீதாரிகளும், வீட்டில் நாலு ஆடு வளர்ப்போரும், மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஜுரம் கண்ட அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிட வேண்டுகிறேன்.