சாதியை அறிவித்தால் திறன் குறையுமா? ஒரு சோதனை சொல்லும் பாடம்

‘திறமை பிறப்பால் வருவது’ என்னும் கூற்றை விவாதத்தால் மட்டுமன்றிச் சோதனையாலும் மறுக்கலாம். உளவியலில் சோதனைமுறையின் அடிப்படை எளியது: ஒன்றை மட்டும் மாற்றி, பிறவற்றை மாறாமல் வைத்து, விளைவை அளப்பது. மாற்றப்படுவது சாரா மாறி. அளக்கப்படுவது சார்ந்த மாறி.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆதிக்கச் சாதிச் சிறுவர் 321 பேரும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேரும் தாளில் அச்சிட்ட புதிர்வழிகளைத் தீர்த்தனர். சாதி அறிவிக்கப்படாத குழுக்களில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒவ்வொருவரின் சாதியும் அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டபோதோ பெரும் இடைவெளி தோன்றியது. புதிர் மாறவில்லை, மாறியது அறிவிப்பு மட்டுமே.

காரணம் என்ன? பரிசு பெறுபவர் குலுக்கலில் தேர்வாவார் என்றபோது அந்த இடைவெளி மறைந்தது. உழைப்புக்கு உரிய பலன் தமக்குக் கிட்டாது என்னும் எதிர்பார்ப்பே செயல்திறனைக் குறைத்தது என ஆய்வாளர்கள் கருதினர். அது அறிவின் குறைபாடன்று. பாகுபாடு கற்பித்த பாடம்.

மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததன் பொருள் இங்கே தெளிவாகும்.

கான்சாபுரம் போன்ற ஊர்களில் களஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சாதி பற்றிய வினாவைப் படிவத்தின் இறுதியில், தனிமையில் கேளுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால், அளக்க வந்ததை நாமே மாற்றிவிடக்கூடும்.