வினவல் முடிவுகளைச் சமவாய்ப்பு வரிசையில் பெறுதல்

தரவுத்தள அட்டவணை ஒன்றிலுள்ள பதிவுகளை, எந்தப் பதிவும் எந்த இடத்திலும் சம வாய்ப்புடன் வருமாறு கலைத்துப் பெறுவது சமவாய்ப்பு வரிசையில் பெறுதல் எனப்படும். இலங்கை வழக்கில் இது எழுமாற்று வரிசை ஆகும். வினா வங்கியிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு வரிசையில் வினாக்களைத் தருவது இதன் பழக்கமான பயன்பாடு.

வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' கூறு இல்லாத வினவல் தானாகவே கலைந்த முடிவைத் தரும் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. அத்தகைய வினவலுக்கு எந்த வரிசையும் உறுதியளிக்கப்படவில்லை என்பதே எஸ்கியூஎல் மொழியின் விதி. நடைமுறையில் பதிவுகள் பெரும்பாலும் சேமிக்கப்பட்ட ஒழுங்கிலேயே திரும்பத் திரும்ப வரும்.

எளிய முறை

'ஆர்டர் பை' கூறில் புலத்தின் பெயருக்குப் பதிலாகச் சமவாய்ப்பு எண் தரும் சார்பை எழுதுவதே எளிய வழி. மைஎஸ்கியூஎல்லில் இது 'ரேண்ட்', போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவற்றில் 'ரேண்டம்'. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலும் 'ரேண்ட்' உண்டு; ஆனால் அது ஒரு வினவலுக்கு ஒருமுறை மட்டுமே கணிக்கப்படுவதால் எல்லாப் பதிவுகளும் ஒரே எண்ணைப் பெறும், எதுவும் கலையாது. அங்கே பதிவுக்கொரு புதிய மதிப்பைத் தரும் 'நியூஐடி' பயன்படுகிறது.

இம்முறை சரியானது, ஆனால் செலவு மிகுந்தது. 10 லட்சம் பதிவுகளில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும், 10 லட்சம் எண்களை உருவாக்கி ஒப்பிட்ட பின்னரே அந்த ஒன்று கிடைக்கும். எண்கள் அப்போதுதான் பிறப்பதால் சுட்டெண் எதுவும் உதவாது. சில ஆயிரம் பதிவுகள் கொண்ட அட்டவணைக்கு இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

விரைவும் பிழையும்

வேகத்துக்காகப் பலர் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. மிகப்பெரிய அடையாள எண் வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தேர்ந்து, அதற்குச் சமமான அல்லது அடுத்து வரும் பதிவை எடுப்பார்கள். இது சுட்டெண்ணைப் பயன்படுத்துவதால் மிக விரைவானது. ஆனால் 1, 2, 3, 10 என்ற எண்களுடைய நான்கு வினாக்கள் மட்டும் இருந்து, இடைப்பட்டவை நீக்கப்பட்டிருந்தால், 4 முதல் 10 வரை எந்த எண் விழுந்தாலும் பத்தாம் வினாவே வரும். 25% இருக்கவேண்டிய அதன் வாய்ப்பு 70% ஆகிவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இத்தகைய சாய்வு தரவுத்தளங்களுக்கு வெளியிலும் நேர்ந்திருக்கிறது. 2010இல் ஐரோப்பாவில் விண்டோஸ் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய உலாவித் தேர்வுத் திரையில், ஐந்து முதன்மை உலாவிகள் சமவாய்ப்பு வரிசையில் வரவேண்டியிருந்தது. ஆனால் நிரல், ஒப்பிடும்போதெல்லாம் புதிய சமவாய்ப்பு விடையைத் தந்து வரிசைப்படுத்தியதால் இடங்கள் சமமாகப் பங்கிடப்படவில்லை. பின்னர் அது திருத்தப்பட்டது. பதிவுக்கு ஓர் எண்ணை ஒருமுறை மட்டும் ஒதுக்கி, அதைக்கொண்டு அடுக்கினால் இக்குறை வராது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.5 பதிப்பு முதல் உள்ள 'டேபிள்சாம்பிள்' கூறு பெரிய அட்டவணையிலிருந்து தோராயமான விழுக்காட்டில் மாதிரி எடுக்கும். அது தேர்ந்தெடுக்குமே தவிரக் கலைக்காது. அதன் 'சிஸ்டம்' முறை சேமிப்புப் பக்கங்களை முழுதாக எடுப்பதால், அருகருகே சேமிக்கப்பட்ட பதிவுகள் கூட்டமாக வரும்.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது

முடிவுகளைப் பக்கத்துக்குப் பத்தாகக் காட்டினால், ஒவ்வொரு பக்கத்துக்கும் வினவல் புதிதாக இயங்கிப் புதிய வரிசை உருவாகும். முதல் பக்கத்தில் கண்ட வினா மூன்றாம் பக்கத்தில் மீண்டும் தோன்றலாம். வேறொன்று வராமலே போகலாம். மைஎஸ்கியூஎல்லில் 'ரேண்ட்' சார்புக்கு நிலையான தொடக்க எண் கொடுத்தால் அதே எண் தொடர் மீண்டும் கிடைக்கும். எனினும் இடையில் பதிவு சேர்ந்தாலோ நீங்கினாலோ வரிசை மாறிவிடும். தேர்வு போன்றவற்றில், ஒருமுறை கலைத்த வரிசையை மாணவர் வாரியாகத் தனி அட்டவணையில் சேமிப்பதே நம்பகமானது. மறுமதிப்பீட்டின்போது எந்த மாணவர் எந்த வரிசையில் வினாக்களைப் பெற்றார் என்பதையும் அதிலிருந்து அறியலாம்.

பரிசுக் குலுக்கல் போன்று முடிவை முன்கூட்டியே யாரும் கணிக்கக்கூடாத இடங்களில் 'ரேண்ட்', 'ரேண்டம்' சார்புகள் பொருந்தா. அங்கே மறையீட்டுத் தரமுள்ள எண் உருவாக்கி தேவை.