வைபை 'புல்'லா காட்டுது... நெட் மட்டும் வரல! கோளாறு எங்கே?

"செல்போன்ல வைபை கோடு புல்லா இருக்கு. ஆனா வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது!" பைபர் நெட் போட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே பெரிய பிளானுக்கு மாறி மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு முன்னாடி வீட்டில் இருக்கும் பெட்டியை ஒரு நிமிடம் பாருங்கள்.

தெருவில் இருந்து வீட்டுக்குள் வருவது தலைமுடி பருமன் உள்ள கண்ணாடி இழை. அதில் ஓடுவது கரன்ட் இல்லை, ஒளி. வழியில் உள்ள ஸ்பிளிட்டர், ஒரே இழையில் வரும் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூட பிரித்துக் கொடுக்கும். நாம் 'மோடம்' என்று சொல்லும் ஓ.என்.டி. பெட்டி, அந்த ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிறது. பெரும்பாலும் வைபை ரூட்டரும் அதற்குள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் தனி ரூட்டரை லேன் ஒயரில் கோர்க்க வேண்டும்.

ஆக, வைபை கோடு காட்டுவது போனுக்கும் பெட்டிக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான். வெளியில் இருந்து பெட்டிக்கு நெட் வருதா என்பது வேற கணக்கு!

'பான்' விளக்கு அணையாமல் பச்சையாக நின்றால் லைன் ஓகே. 'எல்.ஓ.எஸ்.' சிவப்பாக மின்னினால் ஒளி வரலை. இழை மடங்கியிருக்கும், இல்லாட்டி அறுந்திருக்கும். பெட்டியை பத்து தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணினாலும் பலன் இல்லை. புகார் கொடுப்பதுதான் வழி. கழற்றிய இழை முனையை கண்ணருகே வைத்து பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்கு தெரியாது, ஆனால் ஆபத்து.

விளக்கு சரி, ஸ்பீடு இல்லையா? லேப்டாப்பை லேன் ஒயரில் நேரடியாக மாட்டி சோதியுங்கள். அதில் முழு வேகம் வந்தால் பிளான் மேல் குற்றம் இல்லை, வைபைதான் வில்லன். ஒயரில் உள்ள 8 கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100 எம்.பி.பி.எஸ்.சை தாண்டாது என்பதையும் கவனிக்கவும்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் சுவரை தாண்டினால் தள்ளாடும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில் மோதும். பெட்டியை இரும்பு பீரோவுக்கு பின்னால் ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்றால் எப்படி? நடு ஹாலில், உயரமாக வையுங்கள்.

பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். உங்கள் வைபையில் யாராவது தப்புத்தண்டா செய்தால், போலீஸ் முதலில் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கோ அவர் வீட்டுக் கதவைத்தான்!