தண்ணியில்லாக் காட்டில் தற்சார்பு வாழ்க்கை கைகூடுமா?

அரசு ஊழியரை மாற்றல் சொல்லி மிரட்டும்போது வரும் 'தண்ணியில்லாக் காடு' எது என்று கேட்டால், பலரும் ராமநாதபுரத்தைத்தான் கைகாட்டுவார்கள். சொந்தமாக விளைவித்துச் சாப்பிடும் ஆசையில் அங்கே நிலம் விசாரிப்பவர்களும் உண்டு. விலை மலிவு. அந்த மலிவுக்குக் காரணம் தெரிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

முதலில் மழை. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 800 மி.மீ. பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் சுமார் 59,000 லிட்டர். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 14,600 லிட்டர் போதும். தொட்டி மட்டும் பெரிதாக இருந்தால், மழை பாதி பொய்த்தாலும் குடிநீர்க் கவலை இல்லை.

பயிருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர். போர் போட்டால் தண்ணீர் வரும், செடி கருகும். அதனால் நிலத்தைச் சித்திரை வெயிலில் போய்ப் பாருங்கள். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, சீமைக்கருவேலம் மட்டுமே செழித்திருந்தால் யோசியுங்கள். பக்கத்துக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இந்த மண்ணின் விவசாயம் புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை விழுந்ததும் முளைக்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய்த் தண்ணீர் ஒரு தடவை பாய்ந்தால் வீட்டுக்கு நெல். பாயாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல். ஆகவே நல்ல வருஷத்து நெல்லில் அடுத்த வருஷத்துச் சாப்பாட்டையும் விதையையும் எடுத்துவைக்காத குடும்பம் இங்கே தாக்குப்பிடிக்காது.

எண்ணெய்க்கும் துணிக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். அதற்கு முண்டு மிளகாய் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆடு உண்டு, பனை உண்டு, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலும் உண்டு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும்.

வேலி போட்டுத் தனித்து வாழ வருபவர்கள் தோற்பது கண்மாயிடம். மேலூர்க் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கீழூருக்குத் தண்ணீர். வரத்துக்கால் தூர்ந்தால் ஊரே மண்வெட்டி எடுக்க வேண்டும். தற்சார்பு இங்கே ஊருக்குக் கைகூடும், ஒற்றை வீட்டுக்குக் கைகூடாது.

நிலம் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். கண்மாய் கடைசியாக எந்த வருஷம் பெருகியது? இந்தச் சர்வே எண் அதன் ஆயக்கட்டில் வருகிறதா? எந்த மடையில் பாய்கிறது? மூன்றுக்கும் தரகர் "போர் போட்டுக்கலாம் சார்" என்றால், அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.