சோம்பேறி வாயு

மாமல்லபுரத்துக் கடற்காற்றிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கான் வாயு உண்டு. எதனுடனும் எளிதில் சேராததால், கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர்.

இந்த மந்த வாயுக்கள் செய்யும் பணியோ பெரிது! 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளோடு நியான் குழாய்களையும் வைத்து, இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடயம் கண்டனர்.

பின்னர் ஆர்கானின் முறை வந்தது. 2010-இல் இத்தாலியில் மலையடியில் இயங்கத் தொடங்கிய இகாரஸ் கருவியில், சுமார் -186 பாகை செல்சியஸ் குளிரில் ஆர்கான் திரவமாக நின்றது. மின்னூட்டமுள்ள துகள் அதனூடே பாய்ந்தால் எலக்ட்ரான்கள் பிரியும். ஆர்கான் அவற்றைப் பிடித்துக்கொள்ளாது. மின்புலம் அவற்றைக் கம்பிகளுக்கு இழுத்துவர, துகள் சென்ற பாதை படமாகத் தெரியும். சிறிது ஆக்சிஜன் கலந்தாலும் எலக்ட்ரான்கள் வழியிலேயே சிக்கிவிடும். ஆகவே தூய்மையே இக்கருவிக்கு உயிர்.

தோழியரே, பிறர் பொருளைப் பற்றாத குணத்தைச் சோம்பல் என்பதா, பெருமை என்பதா?