அரை நொடி காட்டிக்கொடுத்த கள்ளவழி

2024 மார்ச் மாதக் கடைசி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் வேகச் சோதனை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். மைக்ரோசாஃப்டில் வேலை; போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் அவரும் ஒருவர். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச், வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வதைக் கண்டார். தவறான பெயர் கொடுத்ததால் உடனே தோற்றுப்போக வேண்டிய முயற்சிகள்கூட பிராசஸரை வாட்டின. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் தென்பட்ட விசித்திரமான பிழைச் செய்தியும் அவர் நினைவுக்கு வந்தது. காரணத்தைத் தேடிப் போனார்.

மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட தகவல் உலகெங்கும் சர்வர் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவழி வைத்திருக்கிறார்கள். அதற்குரிய இரகசியச் சாவி கையில் இருப்பவர், பாதிக்கப்பட்ட சர்வரில் எங்கிருந்தும் தாம் நினைத்த கட்டளையை இயக்கலாம். பாதுகாப்புக் குறைகளை அளவிடும் 10 புள்ளி அளவுகோலில் இதற்கு முழு 10 கிடைத்தது.

எக்ஸ்இசட் செய்யும் வேலை எளிமையானது. பெரிய கோப்புகளைச் சுருக்கும், பிறகு விரிக்கும். ஆனால் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில் அது இல்லாத இடம் குறைவு. எஸ்எஸ்ஹெச்சுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் வியப்பு. லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் எஸ்எஸ்ஹெச்சை சிஸ்டம்டி என்ற நிர்வாக மென்பொருளோடு பேசவைக்க ஒரு மாற்றம் செய்திருந்தன. அந்த சிஸ்டம்டியின் நிரல்தொகுப்பு, எக்ஸ்இசட்டின் நிரலையும் கூடவே இழுத்து வந்தது. இப்படிக் கை மாறி வந்த உறவைத்தான் தாக்கியவர் பயன்படுத்திக்கொண்டார்.

திறமூல மென்பொருள் இயங்கும் முறையே இப்படிப்பட்டதுதான். மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், தம் மென்பொருளில் சேர்க்கலாம். இணைய சர்வர்களில் பெரும்பகுதி இந்த வகை மென்பொருளில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல்தான். ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதுகிறார். மேல்தளத்தில் கோடிகளில் புரளும் நிறுவனங்கள் நிற்கின்றன. அடித்தளத்தில் சில சமயம் ஒரே ஒரு மனிதர்.

எக்ஸ்இசட்டின் அடித்தளத்தில் இருந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். 2000களின் நடுப்பகுதியிலிருந்து இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு தோன்றியது. அந்தப் பெயரில் வந்த திருத்தங்கள் பயனுள்ளவையாகவே இருந்தன. 2022இல், அதற்கு முன் யாரும் கேள்விப்படாத சில பெயர்களிலிருந்து காலினுக்கு நெருக்கடி வரத் தொடங்கியது. வேலை மந்தமாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று அவை நச்சரித்தன. நெடுநாள் மனநலச் சிக்கல்கள் உள்ளிட்ட காரணங்களால் முன்போல் இயங்க முடியவில்லை என்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை மறக்க வேண்டாம் என்றும் அவர் பொதுவெளியிலேயே பதில் எழுதினார். உதவிக்கு ஓடோடி வந்தவர் ஜியா டான். 2023க்குள் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையே அவர் கைக்குப் போய்விட்டது.

கள்ளவழியை மறைத்த விதத்தில் மிகுந்த தந்திரம் இருந்தது. எல்லோரும் படிக்கும் நிரல் வரிகளில் அதை எழுதவில்லை. மென்பொருளைச் சோதிப்பதற்கென்று வைக்கப்படும், மனிதக் கண்ணுக்குப் புரியாத கோப்புகளுக்குள் அதைப் பொதித்தார்கள். அதை வெளியே எடுத்து இயக்கும் சில வரிகள், பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுக்காகக் கட்டப்படும் பொதியில் மட்டும் இருந்தன. படிப்பவர்கள் பார்த்தது ஒன்று. விநியோகங்கள் எடுத்துக்கொண்டது இன்னொன்று.

பேரிழப்பைத் தடுத்ததில் ஃப்ராய்ண்டுக்கு அடுத்த பங்கு டெபியன் போன்ற சமூகங்களின் நிதானத்துக்கு உண்டு. டெபியனில் ஒரு புதிய பதிப்பு முதலில் 'நிலையற்ற' கிளைக்கும், பிறகு 'சோதனை' கிளைக்கும் போகும். சர்வர்கள் நம்பியிருக்கும் 'நிலையான' பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அதனால் நஞ்சு கலந்த எக்ஸ்இசட், டெபியனின் முன்னோட்டக் கிளைகள், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காளி லினக்ஸ் போன்றவற்றோடு நின்றுபோனது. பெரும்பாலான சர்வர்களை அது எட்டவே இல்லை.

இது முதல் எச்சரிக்கையும் அல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியானபோது, இணைய வங்கி முதல் மின்னஞ்சல்வரை பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் அது இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 5 லட்சம் இணைய சர்வர்கள் ஆபத்தில் இருந்தன. அந்த மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடையோ சுமார் 2,000 டாலர். நிரல் திறந்திருந்தது உண்மை. அதை உட்கார்ந்து படிக்க ஆளும் நேரமும் இல்லை.

ஹார்ட்பிளீடுக்குப் பிறகு பணம் வரத் தொடங்கியது. கூகுள், மைக்ரோசாஃப்ட், இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக அடித்தள மென்பொருள்களுக்கு நிதி கொடுத்தன. 2022இல் ஜெர்மனி அரசு, சாலைக்கும் பாலத்துக்கும் செலவிடுவதுபோல் இதற்கும் பொதுப்பணம் தர ஒரு நிதியம் தொடங்கியது. 2024 அக்டோபரில் பெங்களூருவின் ஸெரோதா நிறுவனம், உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. இந்தியாவில் திறமூல மென்பொருளை நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்கள் ஏராளம் என்பதால் இந்த முன்மாதிரி முக்கியமானது.

பணத்தோடு பழக்கங்களும் மாறவேண்டும். இயங்கும் வடிவில் வெளியிடப்படும் பொதி, அதற்குரிய மூலநிரலிலிருந்துதான் உருவானதா என்பதை யார் வேண்டுமானாலும் தம் கணினியில் கட்டிப் பார்த்து உறுதிசெய்யும் முறையை டெபியன் சமூகம் பத்தாண்டுகளுக்கு மேலாக வளர்த்துவருகிறது. எக்ஸ்இசட் சம்பவம் அந்த வேலையின் அருமையை எல்லோருக்கும் காட்டியது. ஒரு நிறுவனம் தன் மென்பொருளுக்குள் எந்தெந்தத் திறமூலத் தொகுப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலையாவது வைத்திருந்தால்தான், இப்படி ஒரு செய்தி வந்த அன்றே தனக்குப் பாதிப்பு உண்டா என்று அறிய முடியும்.

காலின் விலகிப் போகவில்லை. தன் திட்டத்தின் நிரல் மாற்றங்களைத் திரும்பச் சோதித்து, கள்ளவழியை நீக்கி, 2024 மே 29 அன்று 5.6.2 பதிப்பை வெளியிட்டார். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளிவரவில்லை.

காலினைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்க எல்லோரும் நிரல் எழுதத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பிழை அறிக்கைகளைச் சரிபார்த்து வகைப்படுத்துவது, புதிய பதிப்பைச் சோதிப்பது, பயன்பாட்டுக் குறிப்புகள் எழுதுவது எல்லாமே பராமரிப்பாளரின் சுமையைக் குறைக்கும் வேலைகள். லிப்ரே ஆஃபிஸ், கேடிஇ, ஃபயர்பாக்ஸ் ஆகியவை தமிழில் கிடைப்பதும் தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பால்தான். அந்தக் குழுக்களில் புதியவர்களுக்கு இடம் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.